ஒன்பதரை நாள் ராகு காலம்

எங்கள் குடும்பத்திலிருந்து ஆர்க்டிக் பக்கம் போய்வந்தது இரண்டே பேர். ஒருவர் என் அக்கா. இன்னொன்று, அக்கா வீட்டுக்காரருடைய பெட்டி. அக்கா வீட்டுக்காரர் போகவில்லை. அங்கே போவதற்கு எது நல்ல சீசன் என்று ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டவர் அவர்தான். அந்த வேலையில் அவருக்குப் போக நேரம் கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எந்த நேரத்தில் எழுதினாய் என்று எங்கிருந்தாவது வந்து கேட்பார்.

ஒல்லியான, சுத்தமான மனிதர். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும்: ஒரு விசில், நாலாக மடித்த நாட்காட்டித் தாள். ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனிக்கு டைம்கீப்பராக இருந்தார். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நோட்டில் பார்த்து விசில் ஊதுவது அவர் வேலை. ஒரு நிமிடம் பிந்தினாலும் டிரைவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். ஊரையே நேரத்துக்கு அனுப்பிவைத்த மனிதர், தான் ஒரு இடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்றால் மட்டும் அந்த நாட்காட்டித் தாளை எடுத்து விரித்துவிடுவார்.

“உங்க பஸ்ஸெல்லாம் ராகு காலத்துலயும்தான மாமா போகுது?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அது கம்பெனி பஸ்லா. எனக்கு என்ன” என்றார்.

அதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கேயும் அவருக்கு இதே வேலைதான். விடிகாலை நாலு மணிக்கு, ஆபீஸ் முன்னால் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்து லயத்து வீடுகளையெல்லாம் எழுப்புவார். அந்தச் சத்தத்துக்கு எழுந்து, முகம் கழுவியும் கழுவாமலும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடியவர்களில் என் அக்காவும் ஒருத்தி. பதின்மூன்று வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். அவருடைய இந்த நேரம் பார்க்கிற வியாதிக்குப் பின்னால் ஏதாவது பழைய சோகக் கதை இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. சிலருக்கு மூக்குப்பொடி, சிலருக்குச் சீட்டாட்டம், இவருக்கு இது.

பெண் பார்க்க வந்தது எழுபத்தொன்றில். லயத்தின் அந்தக் கோடி வீட்டிலிருந்து இந்தக் கோடி வீட்டுக்கு நடந்து வர வேண்டும், அவ்வளவுதான் பயணம். செவ்வாய்க்கிழமை. வழியில் மழை பிடித்துக்கொள்ள, ஓட்டமாக ஓடி வந்து எங்கள் வாசலை அடைந்தபோது மணி நாலு பத்து. ராகு காலம் நாலரைக்குத்தான் முடிகிறது. அவருடைய அம்மாவும் தங்கையும் உள்ளே வந்து துண்டு வாங்கித் தலை துவட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வெளியே நின்றார். எங்கள் வீட்டுத் தாழ்வாரம் ஒரு முழ அகலம், மழை சாய்வாக அடிக்கிறது. இருபது நிமிடம் அப்படியே நின்று நனைந்தார். வடை ஆறிப்போனது. உள்ளே வந்தபோது அவரை உட்காரவைக்கப் பயந்து அம்மா பலகையின் மேல் சாக்கு விரித்தாள்.

எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இந்த ஆளா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“பாவம்டி. இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கிற மனுசன் கெட்டவனா இருக்க மாட்டாரு” என்றாள்.

கெட்டவர் இல்லை என்பது உண்மைதான். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு ஒரு வழி பண்ணியிருக்கலாம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அக்கா சொல்லும் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். “சரி, செஞ்சிரலாம். நல்ல நேரம் பாத்துக்கிட்டு” என்பார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபிறகு எல்லோரும் ஈப்போவுக்கு வந்தோம். அவர்கள் புந்தோங்கில் ஒரு வீடு பார்த்தார்கள். பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டுக் கூரை ஓட்டை மூன்று வருடம் நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தது.

மோட்டார்சைக்கிள் வாங்கிய கதையைப் புந்தோங்கில் இன்றைக்கும் சொல்வார்கள். பழைய ஹோண்டா, நீல நிறம். புதன்கிழமை காலையில் பதினொன்றுக்குள் கையில் வாங்கிவிடுவதாகத் திட்டம். கடைக்காரச் சீனர் காகிதங்களைத் தேடி எடுத்து முத்திரை குத்தி முடிக்கையில் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் என்ன என்று உங்களுக்கே தெரியும். இவர் அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மதிய ஷிப்டுக்குப் போக வேண்டும். ஆகவே எஞ்சினைக் கிளப்பாமல், டவுனிலிருந்து புந்தோங் வரைக்கும், மண்டை பிளக்கிற வெயிலில் உருட்டிக்கொண்டே வந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று நினைத்து உதவிக்கு வந்திருக்கிறார்கள்.

“உருட்டினா மட்டும் ராகு ஒண்ணும் பண்ணாதா மாமா?”

“உருட்டுறது பயணம் இல்ல” என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் எண்பத்தொன்றில், ஜூலை மாதத்தில், அந்தக் கடிதம் வந்தது.

கெட்டிப்பால் கம்பெனி ஒன்று போட்டி நடத்தியது. பத்து டின்னின் லேபிளைக் கிழித்து அனுப்ப வேண்டும், கூடவே எங்கள் பாலை ஏன் விரும்புகிறீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அக்கா தமிழில் சொன்னாள், நான் மலாயில் எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் பரிசு குளிர்சாதனப் பெட்டி. அதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். வந்து சேர்ந்தது இரண்டாம் பரிசு. இரண்டு பேருக்கு நார்வே நாட்டின் வடகோடிக்குப் பன்னிரண்டு நாள் பயணம், எல்லாச் செலவும் அவர்களுடையது. ஒரு வருடத்துக்குள் எந்தப் பருவத்தில் வேண்டுமானாலும் போகலாம், தேதியை நீங்களே தேர்ந்தெடுத்துத் தெரிவியுங்கள் என்று கடிதத்தில் இருந்தது. யாரைப் பார்த்து இப்படி எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிவிட்டார்கள்.

கூடவே ஒரு வழவழப்பான படப் புத்தகம். கோடையில் போனால் சூரியன் மறையாது. குளிர்காலத்தில் போனால் சூரியன் உதிக்காது, ஆனால் வானத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒளி நெளியும். ஒரு பக்கத்தில், ஒரே கடலின் மேல் ஒரே சூரியன் ஒன்பது தடவை வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் மணி போட்டிருந்தார்கள். நடுவில் இருந்ததன் கீழ் இரவு பன்னிரண்டு. அக்கா அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது.

“ராத்திரி பன்னெண்டுக்கு வெளிச்சமாடி?”

“ஆமா. அங்க அப்படித்தான்.”

“அப்ப நாலு மணிக்கு?”

“நாலு மணிக்கும்தான்.”

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படிக் கதவில் ஒட்டிவைத்தாள். அக்காவுக்கு இருட்டு ஆகாது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க மாட்டாள். அட்டையும் பூரானும் காலடியில் என்ன இருக்கிறதென்று தெரியாத கித்தா மரங்களின் இருட்டு நிரையும் அவள் உடம்பில் அப்படியே தங்கிவிட்டிருந்தன. வாழ்க்கையில் அவள் இதுதான் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டாள். “கோடையில போலாம்லா” என்று மாமாவிடம் நேராகவே சொன்னாள்.

“சரி, போலாம். நல்ல சீசன் பாத்துக்கிட்டு” என்றார் மாமா.

நாட்காட்டித் தாள் விரிந்தது. அந்த வருடக் கோடை உடனே அடிபட்டுப் போனது, ஏனென்றால் ஆடி பிறந்துவிட்டது. செப்டம்பரில் போகலாமா என்றால் புரட்டாசி, விரதம். ஐப்பசியில் தீபாவளி, வீட்டில் விளக்கேற்றாமல் எங்கே போவது. இதெல்லாம் சாதாரணத் தடைகள், இந்த ஊரில் யார் வீட்டிலும் இருப்பவை. மாமாவின் தனித்திறமை அதற்கப்புறம், அடுத்த வருடக் கோடையை எடுத்தபோதுதான் வெளிப்பட்டது.

ராகு காலம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையிலான பொழுதை எட்டாகப் பங்கு போட்டு, கிழமைக்கு ஏற்றபடி ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குவது. இங்கே ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். அந்த ஊரில் மே மாத நடுவில் உதிக்கிற சூரியன் ஜூலை முடிகிறபோதுதான் மறைகிறது என்று படப் புத்தகம் சொன்னது. மாமா அதை எட்டால் வகுத்தார். ஒரு பங்கு ஒன்பதரை நாள் வந்தது. சூரியன் உதிக்கிற நாள் வியாழக்கிழமை, வியாழனுக்கு ஆறாவது பங்கு. ஆக ஜூலை முதல் தேதியிலிருந்து ஒன்பதரை நாளைக்கு இடைவிடாத ராகு காலம். இந்தக் கணக்கைப் பச்சை மையில் எழுதி, அடிக்கோடு போட்டு, என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

தஞ்சோங் ரம்புத்தானுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு மாமா என்று கேட்டேன். அங்கேதான் மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஈப்போவில் இதை யாரிடம் கேட்டாலும் சண்டைக்கு வருவார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு இருபதுக்கு ஒண்ணு. ஏன், யாரப் பாக்கணும்?” என்றார்.

குளிர்காலத்துக் கணக்கு இன்னும் அழகு. சூரியன் உதிக்கவே இல்லை என்றால் ராகு காலம் எங்கிருந்து தொடங்கும்? தொடங்காது. எனவே அங்கே இரண்டு மாதமும் சுத்தமான நல்ல நேரம். உலகத்தில் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதை ஒரு மனிதர் கண்டுபிடித்து அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சந்தேகத்துக்குக் கோயில் குருக்களிடமும் போய்க் கேட்டிருக்கிறார். “எனக்குத் தெரியாதுப்பா. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்று அவர் கழன்றுகொண்டார்.

“இருட்டுலயா போறது?” என்றாள் அக்கா.

“இருட்டு என்ன பண்ணும்? நான்தான் பக்கத்துல இருக்கேனே.”

அவள் கதவில் ஒட்டியிருந்த படத்தைக் கிழிக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பரிசு அவளுடையது, பால் டின்னைத் திறந்தவள் அவள், லேபிளைக் கிழித்தவள் அவள். அதை வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் என்று திட்டினேன். “அவரு ஆசைப்பட்டு ஒரு எடத்துக்குப் போகணும்னு சொல்றதே இப்பதான்டி” என்றாள்.

மார்கழி பிறப்பதற்கு முன் டிசம்பர் முதல் வாரத்தில் தேதி குறித்தார்கள். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட், கம்பெனிக்குக் கடிதம் அடித்துக்கொடுப்பது என் தலையில் விழுந்தது. புறப்படுகிற நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே மாமா தன் பெட்டியைக் குனோங் ராபாட்டில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். பரஸ்தானம். ஆள் கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், நல்ல நேரத்தில் சாமானை முன்கூட்டி வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. அதற்குப் பிறகு பெட்டி திரும்ப அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. போனால் பயணம் செத்துப்போகும்.

புறப்படுகிற அன்று எல்லாம் சரியாக இருந்தது. நேரம் சரி, டாக்சி வந்துவிட்டது, பூனை எதுவும் குறுக்கே வரவில்லை. வாசற்படியில் வலது காலை வைக்கும்போது ஒற்றைத் தும்மல் கேட்டது. தும்மியவர் வேறு யாராவது என்றால் அவரைத் திட்டியிருக்கலாம். தும்மியது மாமாவே. காலைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தவிர்க்க முடியாத காரணங்களால் என்று நான் மறுபடி டைப் அடித்தேன். கோலாலம்பூரிலிருந்து கம்பெனிப் பெண் ஒருத்தி ஆபீசுக்குப் போன் செய்து, மிகவும் மரியாதையாக, என்ன காரணம் என்று தெரிந்துகொள்ளலாமா என்றாள். தும்மலுக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. உடல்நலக் குறைவு என்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை மாற்றித் தருகிறோம், ஜூன் கடைசிச் செவ்வாய்க்கிழமை ஒரு குழு போகிறது, அதைத் தவறவிட்டால் பரிசு ரத்து என்று சொல்லிவிட்டாள்.

பெட்டி என் கட்டிலுக்கு அடியிலேயே தங்கியது. மாமாவின் நல்ல சிலுவார் கால்சட்டையும் கோட்டும் அதற்குள் இருந்ததால், கல்யாணம் காதுகுத்து என்றால் என் வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டு போவார். பெட்டிதான் வீட்டுக்குப் போகக் கூடாது, உடை போகலாமாம்.

இதற்கு நடுவில் எண்பத்திரண்டு பிறந்தது. அந்த வருடத்து முதல் நாள் அரசாங்கம் எங்கள் பக்கம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தது. எல்லோரும் முள்ளைத் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். மாமாவுக்கு மட்டும் அது தன்னை உத்தேசித்துச் செய்த காரியம். நாட்காட்டியில் போட்டிருக்கும் மூன்று மணி பழைய மூன்றா, புதிய மூன்றா? “ராகுவுக்குக் கவர்மெண்டு லெட்டர் போட்டுச்சா?” என்று பஸ் ஸ்டாண்டில் போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இடது கையில் பழைய நேரம், வலது கையில் புதிய நேரம் என்று இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டார். இரண்டில் எதன்படி ராகு காலமாக இருந்தாலும் வெளியே கிளம்பக் கூடாது. ஊரில் எல்லார் வீட்டிலும் நேரம் அரை மணி முன்னால் போனது. என் அக்கா வீட்டில் ராகு காலம் அரை மணி நீளமாயிற்று.

ஜூன் கடைசிச் செவ்வாய் வந்தது. விமானம் சுபாங்கிலிருந்து இரவு ஒன்பதே காலுக்கு. மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்குவதால் இரண்டரைக்கே கிளம்பிவிடுவதாக ஏற்பாடு. அந்த ஒன்பதரை நாள் கணக்கை நினைத்து மாமா பல வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் வருவதாகத்தான் சொன்னார். கோயிலில் அர்ச்சனை செய்து, அக்கா கையிலும் தன் கையிலும் கயிறு கட்டியிருந்தார். நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்பதால், தெருவுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றேன்.

டாக்சி டயர் வெடித்து, மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மூன்று அடித்து ஐந்து நிமிடம்.

மாமா வாசலுக்கு உள்ளேயே நின்றார். வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். “அஞ்சு மணிக்குக் கெளம்பலாம். போய்ச் சேந்துரலாம்” என்றார்.

“சேர முடியாது மாமா. நாலு நாலரை மணி நேர ஓட்டம்” என்று நான் தெருவிலிருந்தே கத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கமாக நடந்து படி இறங்கினாள்.

“நான் போறேங்க. இத விட்டா எனக்கு இல்ல. நீங்க அஞ்சு மணிக்கு வாங்க.”

பதினோரு வருடத்தில் அவர் நேரம் குறிக்காமல் அவள் வைத்த முதல் அடி அதுதான். அவர் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைத் தனியாக விட மனம் இல்லாமல் நானும் டாக்சியில் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது அக்கா கண்ணாடியை இறக்கி, “உங்க பெட்டி?” என்றாள்.

“பெட்டி நல்ல நேரத்துல கெளம்புனது. அது போகட்டும்” என்றார்.

போனது. சுபாங்கில் அந்தக் கம்பெனிப் பெண் இரண்டு பெட்டியையும் எடைபோட்டு அனுப்பிவிட்டு, அக்காவைக் குழுவோடு சேர்த்துக்கொண்டாள். இங்கிலீஷ் தெரியாத, ஈப்போவைத் தாண்டாத என் அக்கா திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். மாமா சொன்னபடி சரியாக ஐந்து மணிக்கு வேறு டாக்சி பிடித்துக் கிளம்பி ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார். நல்ல நேரத்தில் கிளம்பியதால் வழியில் ஒரு தொந்தரவும் இல்லையாம். விமானம் மட்டும்தான் இல்லை.

“போயிருச்சா?”

“போயிருச்சு.”

இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரைக் கிழிகிழியென்று கிழிப்பதற்கு வசனம் தயாராக வைத்திருந்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டும்போது, “அவ கையில சாப்பாடு ஏதும் குடுத்தியா?” என்று கேட்டார். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் வேலைக்குப் போகிற வழியில் என் ஆபீஸ் படியில் வந்து நிற்பார். “அங்க இப்ப என்ன?” என்பார். பகல் என்பேன். “எப்பக் கேட்டாலும் பகல்ங்கிற” என்று முணுமுணுத்துக்கொண்டு போவார். பச்சை மைக் கணக்குத் தாளில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தார். ஒன்பதரை நாள் முடிந்த அன்று கோயிலில் போய்த் தேங்காய் உடைத்தார். ஒருத்தி நிம்மதியாக வெளிச்சத்தைப் பார்க்கப் போயிருக்கிறாள், அவள் நல்லபடியாக இருக்கிறாளா என்று இங்கே ஒருவர் எட்டால் வகுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது. அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தாள். சுபாங்குக்கு நான்தான் போய் அழைத்துவந்தேன். எங்கள் டாக்சி புந்தோங் சந்துக்குள் திரும்பியபோது மணி நாலு நாற்பது. மாமா கேட்டுக்கு வெளியே, பஸ்ஸை நிறுத்துவதுபோலக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. இரண்டு கடிகாரத்துக்கும் சேர்த்து ஆறரை வரை.

“உள்ள வராத. டாக்சியிலேயே இரு” என்றார்.

இரண்டு நாளாக விமானத்திலும் காரிலும் உட்கார்ந்து காலெல்லாம் வீங்கிப்போயிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரண்டு கடிகாரத்தையும் பிடுங்கிச் சாக்கடையில் வீசியிருப்பேன். அக்கா, “சரிங்க” என்றாள். டிரைவர் சீனக் கிழவர் ஒன்றும் புரியாமல் எதிர்க் கடைக்குக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். மாமா சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

அவர்கள் இருவரும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவர் நாட்காட்டியோடு இருப்பார், அவள் அடுப்படியில் இருப்பாள்.

“குளிருச்சா?”

“ரொம்ப. என் ஸ்வெட்டர் பத்தல. உங்க பெட்டியத் தொறந்து உங்களோடதையும் எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

“நல்ல நேரத்துல போன பெட்டிலா” என்றார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். கொம்பு முளைத்த மான் ரோட்டில் நடந்ததை, மீனை வெயிலில் துணிபோலக் காயப்போட்டிருந்ததை, அந்த ஊர்க்காரர்கள் கறுப்புத் துணியால் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குவதை. “நான் மூடல” என்றாள். “மொத நாளு நாலு மணிக்கு முழிப்பு வந்துருச்சு. நீங்க இரும்பு அடிக்கிற நேரம். கண்ணத் தொறக்கப் பயமா இருந்துச்சு. தொறந்து பாத்தா வெளிச்சம். கட்டிலு, ஜன்னலு, என் கை, எல்லாம் தெரியுது. அப்படியே உக்காந்துக்கிட்டேங்க. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.”

மாமா சுத்தியல் பிடித்த அந்தக் கையைத் தன் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பன்னெண்டு மணிக்கு எங்க இருந்துச்சு? எவ்வளவு உசரத்துல?” என்று கேட்டார். அவள் காரின் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள். இங்கே இறங்கி, தண்ணியத் தொடாமல், இப்படிப் போய், மறுபடி இப்படி ஏறும் என்று கோடு இழுத்தாள். அவர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

நான் முன் சீட்டில், கதவைத் திறந்துபோட்டுக் காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தேன். டிரைவர் இரண்டாவது கோப்பியும் குடித்துவிட்டு வந்து பானெட்டைத் தட்டி, முடிந்ததா என்று மலாயில் கேட்டார். நான் திரும்பி மாமாவின் கைகளைப் பார்த்தேன். இடது கையில் ஆறு மணி நாலு நிமிடம். வலது கையில் ஆறு முப்பத்து நாலு. எதன்படி பார்த்தாலும் ராகு போய்விட்டிருந்தது. அக்கா இன்னும் கப்பலில் போன கதையைத் தொடங்கவே இல்லை.

மாமா டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“இன்னும் அரை மணி இருக்கு” என்றார்.

எந்தக் கடிகாரத்தில் என்று நான் கேட்கவில்லை.